மேகத்துக்கும் தெருவுக்கும் நடுவே: போர்ட் லூயிஸ் வெள்ளமும் தலைக்கு மேல் நின்ற சாட்டிலைட்டும்

2013 மார்ச் 30, சனிக்கிழமை. மறுநாள் ஈஸ்டர். மொரிஷியஸ் தீவின் தலைநகர் போர்ட் லூயிஸில் பிற்பகல் மழை பிடித்தது. புயல் ஏதும் இல்லை, வெறும் மழைதான். ஆனால் இரண்டு மணி நேரத்துக்குள் 152 மி.மீ. கொட்டித் தீர்த்துவிட்டது. மலையிலிருந்து இறங்கிய தண்ணீர் நகரத்தின் நடுவே பாய்ந்து துறைமுகத்தை நோக்கி ஓடியது. 11 பேர் செத்துப்போனார்கள். அவர்களில் பலர் இறந்தது நெடுஞ்சாலைக்கு அடியில் போகும் பாதசாரிச் சுரங்கப்பாதையிலும், ஒரு கட்டடத்தின் அடித்தளக் கார் நிறுத்தத்திலும். மழைக்கு ஒதுங்கலாம் என்று மனுஷன் நினைக்கிற இடங்கள்.

நான் மென்பொருள் வேலை பார்ப்பவன். எங்கள் தொழிலில் ஏதாவது விழுந்தால் முதலில் லாக் ஃபைலைத் திறப்போம். எந்த நேரத்தில் எந்த எந்திரத்துக்கு என்ன தெரிந்திருந்தது, அது யாரிடம் சொன்னது, சொன்னது போய்ச் சேர்ந்ததா என்று வரிசையாகப் பார்ப்போம். அதே பழக்கத்தில் இந்த வெள்ளத்தையும் பார்க்கலாமே என்று தோன்றியது. முதல் கேள்வி: அன்று வானத்தில் யார் டியூட்டியில் இருந்தார்கள்?

பதில் கிடைத்தபோது கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். அன்று இந்தியப் பெருங்கடலைப் பார்த்துக்கொண்டிருந்த ஐரோப்பிய வானிலைச் செயற்கைக்கோள் மெட்டியோசாட்-7. பூமத்திய ரேகைக்கு மேலே 36 ஆயிரம் கி.மீ. உயரத்தில், பூமியோடு சேர்ந்து சுற்றுவதால் ஒரே இடத்தில் நிற்பதுபோல் தெரியும் வகை அது. நின்ற இடம் கிழக்குத் தீர்க்கரேகை 57 டிகிரியை ஒட்டி. போர்ட் லூயிஸின் தீர்க்கரேகை 57.5. கிட்டத்தட்ட ஊரின் தலைக்கு மேலேயே காவல்காரன் நின்றிருக்கிறான். பிறகும் ஏன் இப்படி? அதைத் தேடிப் போனால் கதை 1735 வரை பின்னால் போகிறது.

காற்றுக்கு ஒளிந்த ஊர்

நம்மில் பலருக்கு மொரிஷியஸ் என்றால் தேனிலவு விளம்பரம். இன்னும் சிலருக்கு, ரூபாய் நோட்டில் தமிழ் எழுத்து இருக்கும் நாடு. இரண்டையும் ஓரமாக வைத்துவிட்டு வரைபடத்தை மட்டும் பாருங்கள். தீவின் வடமேற்கு ஓரத்தில் போர்ட் லூயிஸ். அதன் முதுகுப்பக்கம் அரைவட்டமாக மோக்கா மலைத்தொடர். அதில் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டுவதுபோல் ஒரு சிகரம். பெயரும் அதுதான்: லெ பூஸ், பிரெஞ்சில் கட்டைவிரல். உயரம் 800 மீட்டருக்குச் சற்று மேல். பக்கத்தில் பீட்டர் போத், அதைவிடக் கொஞ்சம் உயரம். லெ பூஸ் சிகரத்திலிருந்து துறைமுகம் வரை நேர்கோட்டில் அளந்தால் சுமார் 5 கி.மீ.தான். அந்த மலையின் பெயரையே சுமக்கும் ஓர் ஓடை, ரூயிஸோ டு பூஸ், ஊருக்கு நடுவே கட்டிய வாய்க்காலாக ஓடிக் கடலில் விழுகிறது.

இந்த இடத்தைத் தேர்ந்து நகரமாக்கியவர் மாஹே த லபூர்தொனே. 1746இல் படகுப் படையோடு வந்து சென்னையின் ஜார்ஜ் கோட்டையைப் பிடித்தாரே, அதே ஆள்தான். ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பைப் படித்தவர்களுக்குப் பழக்கப்பட்ட பெயர். 1735இல் ஆளுநராக மொரிஷியஸுக்கு வந்தார். கப்பல் கட்டவும் கட்டடம் எழுப்பவும் ஆள் தேவைப்பட்டபோது புதுச்சேரிப் பக்கத்திலிருந்து தமிழ்க் கைவினைஞர்கள் போனார்கள். இன்றும் போர்ட் லூயிஸ் மலையடிவாரத்தில் ட்ராங்கிபார் என்று ஒரு பகுதி இருக்கிறது. நம் தரங்கம்பாடியை ஐரோப்பியர்கள் அழைத்த அதே பெயர்.

ஏன் இந்த இடம்? அந்தக் கடலில் ஆண்டின் பெரும்பகுதி தென்கிழக்கிலிருந்து காற்று அடிக்கும். மலைகள் அந்தக் காற்றை மறைத்துக்கொள்ளும். பாய்க்கப்பலுக்கு அதைவிட நல்ல துறைமுகம் வேண்டுமா? குடிக்கத் தண்ணீர் வேண்டும் என்று பக்கத்து ஆற்றிலிருந்து கால்வாய் கட்டிக் கொண்டுவந்தார் லபூர்தொனே. அந்தக் காலத்தின் இரண்டு கவலைகள் காற்றும் குடிநீரும். மலைச்சுவர் முதல் கவலையைத் தீர்த்தது. ஆனால் அதே மலைச்சுவர் ஊரை ஒரு கிண்ணத்தின் அடியில் உட்கார வைத்துவிட்டது. சின்ன ஊராக இருந்தவரை அது பெரிய விஷயமில்லை.

மிளகுக்காரரின் சட்டம்

அடுத்து வந்தவர் எனக்கு ரொம்பப் பிடித்த பாத்திரம். பியர் புவாவ்ர். புவாவ்ர் என்றால் பிரெஞ்சில் மிளகு. பெயருக்கு ஏற்ற மாதிரி, டச்சுக்காரர்கள் பூட்டி வைத்திருந்த ஜாதிக்காய், கிராம்புச் செடிகளைக் கடத்திக்கொண்டு வந்தவர். 1767 முதல் 1772 வரை தீவின் நிர்வாகி. 1769இல் ஒரு காட்டுச் சட்டம் கொண்டுவந்தார். நிலம் வைத்திருப்பவர் அதில் கால் பங்கைக் காடாக விட்டுவைக்க வேண்டும், முக்கியமாகச் செங்குத்தான மலைச்சரிவுகளில், மண் அரித்துப் போகாமல் இருக்க. காட்டை அழித்தால் மழையும் மண்ணும் கெடும் என்ற எண்ணத்தை அரசின் சட்டமாக எழுதிய மிக ஆரம்ப முயற்சிகளில் ஒன்று என்று சூழலியல் வரலாற்றாசிரியர் ரிச்சர்ட் குரோவ் இதைக் காட்டுகிறார்.

சட்டம் எவ்வளவு தூரம் காப்பாற்றியது? அடுத்த நூற்றாண்டில் கரும்பு தீவையே விழுங்கியது. இன்று நல்ல நிலையில் இருக்கும் இயற்கைக் காடு தீவின் பரப்பில் 2 சதவீதத்துக்கும் குறைவு. ஆனால் புவாவ்ர் பார்த்த திசையைக் கவனியுங்கள். வெள்ளத்தைப் பற்றிய கேள்வியை அவர் வானத்திடம் கேட்கவில்லை. மலைச்சரிவிடம் கேட்டார். இதைக் கொஞ்சம் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், கடைசியில் தேவைப்படும்.

கப்பல் லாக்கிலிருந்து டைரோஸ் வரை

19ஆம் நூற்றாண்டில் பார்வை வானத்துக்குத் திரும்பியது. பம்பாயில் கல்வித் துறை வேலைக்கு வந்து, 1848இல் மொரிஷியஸில் கணிதப் பேராசிரியரான ஸ்காட்லாந்துக்காரர் சார்ல்ஸ் மெல்ட்ரம், 1851இல் அங்கே வானிலைச் சங்கம் தொடங்கினார். சூயஸ் கால்வாய் வருவதற்கு முன் கீழைக்கடலுக்குப் போகும் கப்பல்களில் ஏராளமானவை மொரிஷியஸைத் தொட்டுத்தான் போகும். ஒவ்வொரு கப்பலிலும் லாக் புத்தகம் உண்டு: நேரம், இடம், காற்றுத் திசை, காற்றழுத்தம். (நாங்கள் சொல்லும் லாக் ஃபைல் என்ற வார்த்தையே அங்கிருந்து வந்ததுதான்.) மெல்ட்ரம் கரைக்கு வந்த கப்பல்களின் லாக்குகளைப் பிரதி எடுத்து, ஒரே நாளில் பல கப்பல்கள் கண்டதை ஒரே வரைபடத்தில் குறித்தார். புயல் எப்படிச் சுழல்கிறது, எந்தப் பக்கம் நகர்கிறது என்று படம் தெளிந்தது. கடல் முழுவதும் சிதறிக் கிடந்த கண்களை ஒன்றாகச் சேர்த்துப் பார்த்த வேலை. ஒருவிதத்தில் செயற்கைக்கோளின் தாத்தா என்றே சொல்லலாம்.

ஒரே குறை, படம் புயல் முடிந்து பல வாரம் கழித்துத்தான் கிடைக்கும். 1892 ஏப்ரல் 29 அன்று, சீசன் முடிந்துவிட்டது என்று எல்லாரும் நினைத்திருந்த சமயத்தில், ஒரு புயல் போர்ட் லூயிஸைப் புரட்டிப் போட்டது. ஆயிரம் பேருக்கு மேல் இறந்தார்கள். மெல்ட்ரம் உயிரோடு, பதவியில் இருந்த காலம்தான் அது.

1960 பிப்ரவரி கடைசியில் கேரல் புயல் தீவைத் தாக்கியது. மரத்தாலும் தகரத்தாலும் ஓலையாலும் ஆன வீடுகள் பல்லாயிரக்கணக்கில் அழிந்தன. சுமார் ஒரு மாதம் கழித்து, ஏப்ரல் 1 அன்று, அமெரிக்கா டைரோஸ்-1 என்ற முதல் வெற்றிகரமான வானிலைச் செயற்கைக்கோளை ஏவியது. ஏப்ரல் 10 அன்றே அது ஆஸ்திரேலியாவுக்குக் கிழக்கே ஒரு புயலைப் படம் பிடித்துவிட்டது. மொத்தம் 78 நாள்தான் வேலை செய்தது. ஆனால் அதன் பிறகு ஒரு புயல் யாருக்கும் தெரியாமல் ஒரு தீவை நெருங்குவது மெல்ல மெல்ல நடக்காத காரியம் ஆனது. இது சாதாரண சாதனை இல்லை.

கேரலுக்குப் பிறகு மொரிஷியஸ் கான்கிரீட்டுக்கு மாறியது. காற்றுக்கு அதுதான் சரியான விடை. தகரமோ கான்கிரீட்டோ, கூரைக்கு மேல் விழும் மழை மண்ணில் இறங்காது என்பது வாஸ்தவம். ஆனால் கான்கிரீட் வந்த இடத்தில் முற்றமும் சந்தும் சாலையும் சேர்ந்தே இறுகிவிடும். காற்றுக்கான விடை தண்ணீருக்கு ஒரு புதுக் கேள்வியாகிறது. அந்தக் கேள்வி உடனே வரவில்லை. 50 வருஷம் கழித்து வந்தது.

அண்ணனின் பழைய சட்டை

ஒரே இடத்தில் நிற்கும் செயற்கைக்கோள்கள் 1966 டிசம்பரில் தொடங்கின. அமெரிக்கர்கள் தங்கள் பக்கத்தைப் பார்த்தார்கள். 1977இல் ஐரோப்பாவின் மெட்டியோசாட்-1 ஐரோப்பாவையும் ஆப்பிரிக்காவையும், ஜப்பானின் ஹிமாவாரி-1 மேற்குப் பசிபிக்கையும் பார்க்கத் தொடங்கின. நடுவில் ஒரு ஓட்டை. அந்த ஓட்டைதான் இந்தியப் பெருங்கடல்.

அந்த ஓட்டை எப்படி அடைக்கப்பட்டது என்று வரிசையாக எழுதிப் பார்த்தேன். 1978இன் கடைசியில் ஓர் உலகளாவிய ஆய்வுக்காக, 1975இல் ஏவிய அமெரிக்கச் செயற்கைக்கோள் கோஸ்-1 இங்கே நகர்த்தப்பட்டது. ஆய்வு முடிந்ததும் அந்தச் சேவையும் முடிந்தது. 1998இல் இந்தியப் பெருங்கடலின் தூசு, புகை பற்றிய இன்டோயெக்ஸ் ஆய்வுக்காக, 1991இல் ஏவிய மெட்டியோசாட்-5 வந்தது. ஆய்வு முடிந்தும் நல்லவேளையாக இங்கேயே தங்கியது. அதற்கு வயசானதும், 1997இல் ஏவிய மெட்டியோசாட்-7. அதற்குப் பின் 2017இல், 2002இல் ஏவிய மெட்டியோசாட்-8. 2022இல், 2005இல் ஏவிய மெட்டியோசாட்-9.

வீட்டில் கடைசிப் பிள்ளையாகப் பிறந்தவர்களுக்கு இது புரியும். அண்ணனுக்குப் புதுச் சட்டை. அது கொஞ்சம் வெளுத்ததும் நமக்கு. இந்தியாவின் சொந்த இன்சாட் 1980களிலிருந்தே இந்தக் கடலுக்கு மேல் இருந்தது உண்மைதான், ஆனால் அதன் படங்கள் வெளிநாட்டாருக்கு எளிதில் கிடைக்காத காலம் நீண்டது. ஆக, ஆப்பிரிக்காவுக்குக் கிழக்கே உள்ள தீவுகள் பெரும்பாலும் பழைய சட்டையோடுதான் காலம் தள்ளின.

கொடுத்தவர்களைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. பழைய சட்டையும் இல்லாமல் இருந்த காலம் இதைவிட மோசம். ஆனால் வித்தியாசம் எவ்வளவு என்று தெரிய வேண்டும். 2013இல் ஐரோப்பாவுக்கு மேல் நின்ற இரண்டாம் தலைமுறை மெட்டியோசாட் 12 அலைவரிசைகளில் 15 நிமிடத்துக்கு ஒரு படம் அனுப்பியது. ஐரோப்பாவுக்கு மட்டும் 5 நிமிடத்துக்கு ஒரு முறை பார்க்கும் வசதியும் இருந்தது. மொரிஷியஸுக்கு மேல் நின்ற மெட்டியோசாட்-7இல் 3 அலைவரிசை, 30 நிமிடத்துக்கு ஒரு படம்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம்

மெட்டியோசாட்-7 படம் எடுக்கும் விதம் எனக்குப் பழைய டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டரை ஞாபகப்படுத்துகிறது. பம்பரம்போல் நிமிடத்துக்கு 100 சுற்று சுற்றும். ஒரு சுற்றுக்குப் படத்தில் ஒரு வரி. தென்துருவத்தில் தொடங்கி வடக்கே ஏறி 2,500 வரி. ஆக 25 நிமிடம். மீதி 5 நிமிடம் திரும்பி வந்து நிலைகொள்ள. அகச்சிவப்புப் படத்தில் ஒரு புள்ளி, அதாவது ஒரு பிக்சல், நேர் கீழே 5 கி.மீ. அகலம்.

லெ பூஸ் சிகரத்திலிருந்து துறைமுகம் எவ்வளவு தூரம் என்று மேலே சொன்னேன்? சுமார் 5 கி.மீ. மலை, ஓடை, நகரம், சுரங்கப்பாதை எல்லாம் சேர்த்து ஒரே பிக்சல். நல்ல அதிர்ஷ்டம் இருந்தால் இரண்டு.

இப்போது நேரம். நிரம்பி ஓடும் தண்ணீர் விநாடிக்கு 2 மீட்டர் போகும் என்று வைத்துக்கொண்டால், 5 கி.மீ. கடக்க 42 நிமிடம். செங்குத்தான இடத்தில் இன்னும் வேகம். அதாவது மேகம் மலையில் கொட்டுவதற்கும் தெருவில் தண்ணீர் வருவதற்கும் இடையில் ஒரு படம் வரும், அல்லது இரண்டு. அந்தப் படம் ஐரோப்பாவில் தரையிறங்கி, சரிசெய்யப்பட்டு, மறுபடி தீவுக்கு வந்து, ஓர் அதிகாரி அதைப் பார்த்து, முடிவெடுத்து, வானொலிக்குச் சொல்லி, சுரங்கப்பாதையில் நிற்கும் ஆளின் காதில் விழ வேண்டும்.

தண்ணீரின் அளவையும் சொல்லிவிடுகிறேன். ஒரு சதுர கி.மீ.யில் 152 மி.மீ. மழை என்றால் 15.2 கோடி லிட்டர். நம் ஊர் 12,000 லிட்டர் தண்ணீர் லாரியில் 12,600 லாரிக்கு மேல். ஒரே ஒரு சதுர கிலோமீட்டருக்கு இது.

மொரிஷியஸில் கடும் மழை எச்சரிக்கைக்கு அப்போது ஓர் அளவுகோல் இருந்தது: 12 மணி நேரத்துக்குள் 100 மி.மீ., இன்னும் பெய்யும் என்ற நிலை. தீவு முழுவதையும் நனைக்கும் புயல்மழைக்கு அது பொருத்தமான அளவுகோல்தான். அன்று அந்த 12 மணி நேரத்தை மழை 2 மணி நேரமாகச் சுருக்கிவிட்டது. இது கருவிக் கோளாறு அல்ல. எங்கள் பாஷையில் சொன்னால், மானிட்டரிங் நிமிடக் கணக்கில் நடக்கும் சம்பவத்தை மணிக் கணக்கில் பார்த்துக்கொண்டிருந்தது.

மேகத்தின் உச்சந்தலை

வேகம் மட்டும்தான் பிரச்சினையா? இல்லை. அகச்சிவப்புக் கருவி மழையைப் பார்ப்பதே இல்லை. மேகத்தின் உச்சந்தலை எவ்வளவு குளிர்ந்திருக்கிறது என்று பார்க்கிறது. உயரமான மேகம் அதிகம் குளிர்ந்திருக்கும், உயரமான மேகம் அதிகம் பெய்யும் என்பது அனுமானம். 1980களில் பிரபலமான ஓர் எளிய விதி இப்படி: உச்சி 235 கெல்வினுக்கு, அதாவது மைனஸ் 38 டிகிரி செல்சியஸுக்குக் கீழே இருந்தால் மணிக்கு 3 மி.மீ. மழை. பெரிய கடல்பரப்புக்கு, மாதக் கணக்குக்கு இது ஆச்சரியமாக ஒத்துவரும். ஆனால் மலைத் தீவில் ஈரக்காற்று சரிவில் மோதி மேலேறும்போது, தலை அவ்வளவு குளிராத தாழ்ந்த மேகமே கொட்டித் தீர்க்கும். சாட்டிலைட்டுக்கு அது சாதுவான மேகமாகத் தெரியும்.

மழைத்துளியையே நேராகப் பார்க்க 1997 நவம்பரில் ஜப்பானின் தனேகஷிமாவிலிருந்து டி.ஆர்.எம்.எம். ஏவப்பட்டது. விண்வெளிக்குப் போன முதல் மழை ராடார் அதில்தான். வெப்பமண்டல மழை பற்றி நமக்குத் தெரிந்ததில் பெரும்பகுதி அது கற்றுக்கொடுத்தது. ஆனால் அது தாழ்வாகப் பறந்து சுற்றும் வகை. ராடார் பார்க்கும் பட்டை சுமார் 250 கி.மீ. அகலம். ஒரே இடத்தின் மேல் மறுபடி வர ஒரு நாள் ஆகும், சில சமயம் அதற்கு மேலும். தபால்காரர் மாதிரி. அவர் வரும் நேரத்தில் வீட்டில் திருடன் இருந்தால்தான் பார்ப்பார்.

2014இல் அதன் வாரிசு ஜி.பி.எம். வந்தது. பல நாட்டுச் செயற்கைக்கோள்களின் அளவைகளைச் சேர்த்து, அரை மணிக்கு ஒரு உலக மழை வரைபடம் தருகிறது. யார் வேண்டுமானாலும் இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். நானும் இறக்கிப் பார்த்தேன். கட்டம் 0.1 டிகிரி, சுமார் 11 கி.மீ. மொரிஷியஸ் முழுத் தீவுக்கும் ஏறத்தாழ 16 கட்டம். சீக்கிரம் கிடைக்கும் பதிப்பே மழை பெய்து சுமார் 4 மணி நேரம் கழித்து வரும். தண்ணீருக்கோ 42 நிமிடம்.

வெள்ளம் வந்த பிறகாவது? மேகத்தை ஊடுருவிப் பார்க்கும் சென்டினல்-1 போன்ற ராடார் செயற்கைக்கோள்கள், தண்ணீர் நாள்கணக்கில் தேங்கும் சமவெளிக்கு அருமையானவை. சரிவான தீவில் அடுத்த சுற்று வருவதற்குள் தண்ணீர் கடலுக்குப் போயிருக்கும், தெருவில் சேறு காய்ந்திருக்கும்.

தரையைப் பார்க்கச் சொன்னால்

இதுவரை படித்தவர்கள் "அப்போ சாட்டிலைட்டே உபயோகம் இல்லையா?" என்று கேட்கலாம். நானும் பாதியில் அப்படித்தான் நினைத்தேன். பிறகுதான் கேள்வியையே மாற்ற வேண்டும் என்று புரிந்தது. இந்த மேகம் எங்கே கொட்டும் என்று கேட்டால் அது தடுமாறுகிறது. கொட்டினால் தண்ணீர் எங்கே போகும், எவ்வளவு போகும் என்று கேட்டால் நிதானமாகப் பதில் சொல்கிறது. ஏனென்றால் அந்தப் பதில் நிமிடத்துக்கு நிமிடம் மாறுவதில்லை, வருஷக்கணக்கில்தான் மாறுகிறது.

முதல் விஷயம், தரையின் வடிவம். 2000 பிப்ரவரியில் எண்டெவர் விண்ணோடம் 11 நாள் பறந்து ராடாரால் உலகத்தின் மேடுபள்ளத்தை அளந்தது. அதை வைத்து ஒவ்வொரு 30 மீட்டர் கட்டத்திலிருந்தும் தண்ணீர் எந்தப் பக்கம் வழியும் என்று க்யூஜிஸ் போன்ற இலவச மென்பொருளிலேயே கணக்கிடலாம். ஒரு ஞாயிற்றுக்கிழமை போர்ட் லூயிஸுக்குப் போட்டுப் பார்த்தேன். மலையின் அரைவட்டத்திலிருந்து நீலக் கோடுகள் நகரத்தை நோக்கி ஒன்றாகக் கூடி வருவது திரையில் தெரிந்தபோது, வரைபடத்தில் பார்த்த கிண்ணம் அப்போதுதான் உண்மையில் மனசில் ஏறியது.

இரண்டாவது, தரையின் தோல். லேண்ட்சாட் வரிசை 1972 முதல் ஒரே இடத்தை மறுபடி மறுபடி படம் எடுத்து வந்திருக்கிறது. 2008இல் அந்தக் களஞ்சியம் முழுவதும் இலவசமானது. 2015 முதல் சென்டினல்-2 10 மீட்டர் நுணுக்கத்தில் பார்க்கிறது. மலைச்சரிவில் பச்சை எங்கே சாம்பலானது என்று ஆண்டுவாரியாக எடுத்து வைக்கலாம். அது ஏன் முக்கியம்? அமெரிக்க மண்வளத் துறை 1950களில் உருவாக்கிய ஓர் எளிய சூத்திரம் உண்டு. நிலத்துக்கு 100க்குள் ஓர் எண் கொடுப்பார்கள், எண் கூடினால் வழிந்தோடுவது கூடும். 152 மி.மீ. மழையை அதில் போட்டேன். செடிகொடி உள்ள நிலத்துக்கு 70 என்று வைத்தால் சுமார் 71 மி.மீ. வழிந்தோடும். இறுகிய நகரத்துக்கு 95 என்று வைத்தால் சுமார் 137 மி.மீ. மழை அதேதான், மலையும் அதேதான். வாய்க்காலுக்கு வரும் தண்ணீர் மட்டும் கிட்டத்தட்ட இரட்டிப்பு. தோராயமான சூத்திரம்தான், ஆனாலும் திசை தெளிவாகத் தெரிகிறது.

மூன்றாவது, நேற்றைய மழை. மண் ஏற்கெனவே நனைந்திருந்தால் இன்றைய சின்ன மழையும் வெள்ளமாகும். 2004இல் மத்திய அமெரிக்காவில் நடைமுறைக்கு வந்து, பிறகு உலக வானிலை அமைப்பு பல நாடுகளுக்குக் கொண்டுபோன திடீர் வெள்ள வழிகாட்டி முறை இதைத்தான் பயன்படுத்துகிறது. எவ்வளவு மழை பெய்தது என்று மட்டும் அது பார்ப்பதில்லை. இந்தச் சின்ன ஓடை கரை மீற, இன்னும் எவ்வளவு மழை பெய்ய வேண்டும் என்பதே அதன் கேள்வி. முந்தைய நாள்களின் மழைக் கணக்குக்கு 4 மணி நேரத் தாமதம் ஒரு பொருட்டே இல்லை. அதிகாலையிலேயே இன்று இந்த ஓடை தாங்கும், அந்த ஓடை தாங்காது என்று சொல்லி வைத்துவிடலாம். பிறகு நிமிடக் கணக்கைத் தரையில் உள்ள ராடாரும் மழைமானியும் பார்த்துக்கொள்ளும்.

நான்காவது, தழும்புகள். 2017இல் கரீபியத் தீவான டொமினிக்காவை மரியா புயல் தாக்கிய பிறகு, செயற்கைக்கோள் படங்களை வைத்துச் சுமார் 10 ஆயிரம் நிலச்சரிவுகளைக் குறித்தார்கள். அந்தத் தளர்ந்த மண்தான் அடுத்த மழையில் ஆற்றை அடைத்துக்கொண்டு இறங்கும். இங்கேயும் சாட்டிலைட் நடந்ததைப் பார்க்கிறது, ஆனால் நடக்கப்போவதற்காக.

இந்த நான்கும் எதைக் காட்டுகின்றன? மலைச்சரிவில் என்ன இருக்கிறது என்பதைத்தான். 1769இல் புவாவ்ர் கேட்ட அதே கேள்வி. அவரிடம் சட்டம் இருந்தது, அது காப்பாற்றப்படுகிறதா என்று பார்க்கும் கண் இல்லை. இன்று 5 நாளுக்கு ஒரு முறை பார்க்கும் கண் இருக்கிறது.

அதன் பிறகு

2013க்குப் பிறகு மொரிஷியஸ் சும்மா இருக்கவில்லை. பேரிடர் மேலாண்மைக்கு ஒரு தேசிய மையம் வந்தது. 2017இல் வடிகாலுக்கென்றே ஓர் ஆணையம் சட்டத்தால் அமைந்தது. தீவின் நடுவே எரிமலை வாய்ப்பகுதியான ட்ரூ ஓ செர்ஃபில், ஜப்பான் உதவியோடு டாப்ளர் ராடார் எழுந்தது.

இருந்தும் 2024 ஜனவரி 15, பெலால் புயல். மையம் பக்கத்துத் தீவான ரீயூனியனைத் தாக்கியது. மொரிஷியஸின் புயல் எச்சரிக்கைப் படிநிலைகள் அப்போது காற்றின் வேகத்தை வைத்து அமைந்திருந்தன. அன்று காலை ஜனங்கள் வேலைக்குப் போயிருந்தார்கள். தண்ணீர் வந்தது. எல்லாரும் ஒரே நேரத்தில் வீடு திரும்பக் கிளம்ப, போர்ட் லூயிஸ் தெருக்களில் கார்கள் ஒன்றின் மேல் ஒன்றாக மிதந்தன. இம்முறை மேலே நின்றது மெட்டியோசாட்-9. 15 நிமிடத்துக்கு ஒரு படம். புயல் வருவது நாள்கணக்கில் முன்பே தெரியும். குறைந்தது தகவல் அல்ல. காற்றை அளக்கும் ஏணியில் தண்ணீருக்கு ஒரு படி இருக்கவில்லை.

என் லாக் ஃபைலை இங்கே மூடுகிறேன். அதில் கடைசியாக ஒரு சின்ன விஷயம். நான் வரைந்த நீலக் கோடு நகரத்துக்குள் நுழைந்ததும், உண்மையான வாய்க்காலிலிருந்து சில தெரு தள்ளிப் போய்விட்டது. 30 மீட்டர் கட்டத்துக்குச் சில மீட்டர் அகல வாய்க்கால் தெரியாது. கட்டடக் கூரையைத் தரை என்று எடுத்துக்கொள்ளும். சாலைக்கு அடியில் போகும் சுரங்கப்பாதை அதற்கு இல்லவே இல்லை. அந்தச் சுரங்கப்பாதைக்குள் எப்படித் தண்ணீர் இறங்கும், மதகு வாயில் எவ்வளவு குப்பை அடைத்திருக்கிறது என்பதையெல்லாம் மழைக்கு முந்தின வாரம் ஒருவர் நடந்து போய்த்தான் பார்க்க வேண்டும். எந்தத் தெருவுக்கு அவரை அனுப்ப வேண்டும் என்பதுவரை சாட்டிலைட் சொல்லிவிடும்.